நூற்றுப் பன்னிரண்டு கிராம்

பரவை மார்க்கெட்டைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட் ஒன்று வரும். முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்குகிற கம்பெனி. அதில் நான் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவன். என் அம்மா அதே ஷெட்டில் பாக்கிங் மேசையில் வேலை பார்க்கிறாள். முதலில் வேலைக்குச் சேர்ந்தது அவள்தான். நான் பசுமலைக் கல்லூரியில் பி.காம் முடித்த வருஷம், "எம் மகன் இங்கிலீசு எழுதுவான்" என்று முதலாளியிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து முழுசாகப் படித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், தராசில் ஓடுகிற சிவப்பு எண் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதலாளி மதுரை டவுனுக்குள் பழைய குடும்பம். மூன்று தலைமுறையாக மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். தம்பிமார்களுக்குக் கடையை விட்டுக் கொடுத்துவிட்டு, இவர் மட்டும் முருங்கை இலையை நம்பி ஊருக்கு வெளியே வந்தார். எல்லோரும் அவரை பாய் என்போம். விடிவதற்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேனில் இலை வந்துவிடும். பதினெட்டுப் பெண்கள். உருவி, கழுவி, வலைத்தட்டில் பரப்பி, சூடான காற்றில் காயவைத்து, அரைத்து, சலித்து, பையில் அடைப்பார்கள். பொடி இலையைப் போலவே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு தட்டினால் யாரும் தொட மாட்டார்கள்.

பல வருஷமாக எங்களிடம் வாங்கியவர் ஒரே ஒருத்தர்தான். மும்பை வியாபாரி. எங்கள் பொடியைத் தன் பெயர் போட்ட பையில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். போன வருஷம் கார்த்திகையில் போன் செய்து, வேறு இடத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் ஷெட் ஓடியது. பொங்கல் கழிந்து ஒருநாள் பாய் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"ஆடி வரைக்கும் பாக்குறேன்மா. வெளிநாட்டுல நேரா வாங்குற ஆளு ஒருத்தன் கெடச்சா ஓட்டுவோம். இல்லையின்னா ஷெட்ட விட்டுற வேண்டியதுதான். மக்காச்சோளம் அடுக்கக் குடோன் வேணும்னு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. மறைச்சு வச்சு என்ன ஆகப்போகுது?"

அம்மா கையிலிருந்த பையை வாய் மடித்து ஒட்டிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

நேராக வாங்குகிற ஆளைத் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. இணையத்தில் முகவரி எடுத்து ஊர் ஊராக மெயில் அனுப்பினேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை திருத்தி எழுதினேன். மூன்று வாரத்தில் வந்தது ஒரே ஒரு பதில். இன்னார் விடுமுறையில் இருக்கிறார் என்று அவருடைய கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதில் அது. அதைக்கூட நான் பாயிடம் காட்டினேன்.

"இருக்காரா, இல்லையா?"

"லீவுல இருக்காராம் பாய்."

"வந்தபொறகு வேற ஒரு மெயில் போடு. லீவு நல்லபடியா கழிஞ்சுதான்னு கேளு."

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்திலிருந்து வர்த்தகத் தூதுக்குழு பற்றிய அறிவிப்பு வந்தது. விவசாயப் பொருள் செய்கிற சின்னக் கம்பெனிகளைச் சேர்த்து ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே வாங்குகிறவர்களை முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்து நேருக்கு நேர் உட்காரவைப்பார்கள். செலவில் ஒரு பங்கு அவர்களுடையது. தல்லாகுளத்தில் ஒரு அரங்கில் விளக்கக் கூட்டம். நானும் பாயும் என் பைக்கில் போனோம். அதிகாரி ஒரு அம்மா, வளவளவென்று பேசாமல் பட்டியலாகச் சொன்னார். இரண்டு பக்கத்தில் கம்பெனி விவரம். பூச்சிமருந்து எச்சம் இல்லை, கிருமி இல்லை என்று பரிசோதனைக் கூடச் சான்று. கடையில் விற்கிற மாதிரியே பாக்கெட் போட்ட சாம்பிள். ஒவ்வொரு சந்திப்புக்கும் இருபது நிமிஷம்.

"இருபது நிமிசத்துல என்னத்தப் பேசுறது? எங்கத்தா கடையில ஒரு ஆளு டீ குடிச்சு முடிக்கவே அரை மணி நேரம் ஆகும்" என்று பாய் தன் அப்பா கடையை நினைத்து என் காதில் சொன்னார்.

அதிகாரிக்கு அது கேட்டுவிட்டது. "அறுபது மெயில் போட்டாலும் கெடைக்காத இருபது நிமிசம் சார்" என்றார். நான் அனுப்பியதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். எல்லாச் சின்னக் கம்பெனியிலும் என்னைப் போல ஒருத்தன் உட்கார்ந்து மெயில் அனுப்பிக்கொண்டிருப்பான் போல.

எங்கள் விண்ணப்பம் தேறியது. பாய் போவது, இங்கிலீஷ் பேச நான் கூடப் போவது என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். என் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா களவாணிப் பய மாதிரி முழிச்சிருக்க?" என்றாள்.

சாம்பிள் அறுபது பாக்கெட். ஒவ்வொன்றும் நூறு கிராம். பச்சைப் பை, வெள்ளை எழுத்து, பின்பக்கம் நிகர எடை நூறு கிராம் என்று இங்கிலீஷிலும் ஜெர்மனிலும் நானே லேபிள் அச்சடித்திருந்தேன். பாக்கிங் அம்மா.

அவள் பாக்கெட் போடுகிற விதம் இது. பையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவாள், கரண்டியால் பொடியை அள்ளிப் போடுவாள், எண் நூறு காட்டும். காட்டியதும் கரண்டியை வைத்துவிட்டு மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்துப் பைக்குள் போடுவாள். பிறகுதான் வாயை ஒட்டுவாள். அந்தக் கிள்ளு கொசுறு. அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. பக்கத்து மேசை அக்காவும் அப்படித்தான், சலிக்கிற மதினியும் பாக்கிங்குக்கு வந்தால் அப்படித்தான். மதுரையில் பூக்காரி முழம் போட்ட பிறகு நாலு விரல்கடை விட்டுத்தான் அறுப்பாள். காய் வாங்கினால் கொத்தமல்லி ஒரு கொத்து சும்மா வரும். பாயின் கடையிலேயே மிளகாய் நிறுத்த பிறகு ஒரு கை அள்ளிப் போடுவதுதான் வழக்கம். அளவு குறைவது பாவம், கூடினால் ஒன்றும் இல்லை என்பார் அவர். மும்பைக்காரருக்கு மூட்டையாகத்தான் போனது, அதனால் யாரும் கிராம் கணக்குப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவன். நிகர எடை என்று லேபிளில் போட்டவனும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

ஹாம்பர்க் போய் இறங்கினோம். பங்குனி மாதம், எங்கள் ஊரில் தார் ரோடு இளகும். அங்கே வாயைத் திறந்தால் புகை வந்தது. பதினோரு கம்பெனி, இருபது பேர். எனக்குப் பக்கத்து சீட்டில் மாம்பழக்கூழ் கம்பெனி மேனேஜர் ஒருவர். பெரியகுளத்துக்காரர். விமானத்தில் ஏறிய அரைமணி நேரத்தில் என்னை மாப்ள ஆக்கிவிட்டார்.

"மாப்ள, எனக்கு இது மூணாவது டெலிகேசன். மொத தடவ வந்தப்ப ஒருத்தனும் வாங்கல. ஆனா ட்ரம் மூடி மாத்தச் சொன்னாங்கெ. மாத்துனேன். ரெண்டாவது தடவ ஒருத்தன் வாங்குனான். ஒன்னைய வேணாம்னு சொல்றவன் எதுக்கு வேணாம்னு சொல்றான்னு கேட்டுக்க. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வாரோம்."

இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு, "எழுதுறான் பாரு, பரிச்சைக்கு வரும்னு" என்று சிரித்தார்.

சந்திப்பு நடந்தது ஒரு பெரிய கூடத்தில். எண் போட்ட மேசைகள். எங்களுக்கு ஏழாவது மேசை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். வாங்க வந்தவர்கள் எழுந்து அடுத்த மேசைக்குப் போவார்கள். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் காப்ஸ்யூலாக வேண்டும், எங்களிடம் இல்லை. ஒருவர் சாம்பிளை வாங்கிக்கொண்டு விசிட்டிங் கார்டு கொடுத்தார். மற்ற இருவர் பிறகு எழுதுவதாகச் சொன்னார்கள். விடுமுறை பதிலை அனுப்பிய கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலையில் வந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளி முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. தேயிலை, மூலிகை, மசாலா இறக்குமதி செய்து நகரம் நகரமாகக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அவருக்கு வேண்டியது மூட்டை இல்லை, பாக்கெட். எங்கள் ஊரிலேயே பாக்கெட் போட்டு அவருடைய பெயரில் வர வேண்டும். பாக்கெட் என்றால் பாக்கிங் மேசை. பதினெட்டுப் பேருக்கும் வாரம் ஆறு நாள் வேலை. நான் மனசுக்குள் அந்தக் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். நாக்கில் வைத்தார். சான்றுகளை ஒவ்வொரு வரியாகப் படித்தார். "நிறம் நன்றாக இருக்கிறது. சான்றும் சரி" என்றார். பாய் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். பிறகு அந்த அம்மாள் கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தராசை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டியிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்தார். காலிப் பை ஒன்று கேட்டார், கொடுத்தேன். காலிப் பையை முதலில் நிறுத்துக் கழித்துவிட்டு, பாக்கெட்டை வைத்தார்.

நூற்றுப் பன்னிரண்டு.

அடுத்தது நூற்று ஏழு. அதற்கடுத்தது நூற்றுப் பதினொன்று. மறுபடி ஒன்று, நூற்று ஒன்பது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார்.

பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுப்பா, சொல்லு. நாங்க எப்பவும் கூடத்தான் போடுவோம்னு சொல்லு. எங்க பரம்பரைப் பழக்கம்னு சொல்லு. குறையவே குறையாதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். பாய் சொன்னதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொன்னேன். வாங்குகிறவர் மனம் நிறைய வேண்டும் என்பதற்காக நாங்கள் எப்போதும் கூடுதலாகக் கொடுப்போம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவு கூடுதலாக?"

"கொஞ்சம்."

"ஏழு கிராமா, பன்னிரண்டா?"

ஒரு கிள்ளு எத்தனை கிராம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

"எடையை உங்கள் கை முடிவு செய்கிறது என்றால், காயவைக்கிற சூட்டை எது முடிவு செய்கிறது?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். டிரையரில் வெப்பமானி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் நோட்டை மூடிவிட்டார். மணி அடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த எட்டு நிமிஷமும் பாய் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூடக் குடுத்தது ஒரு குத்தமாய்யா?" என்றார் கடைசியில். "குறைச்சிருந்தா மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போ, நாயம். கூட இருந்ததுக்குமா எந்திரிச்சுப் போவாக?"

இங்கிலீஷ் தெரிந்ததால் அந்த அம்மாள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் பாய் கேட்டதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

மறுநாள் தூதுக்குழுவை ஒரு துறைமுகக் கிடங்குக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பரவை மார்க்கெட்டை நாலாகப் போட்டாலும் நிரம்பாத இடம். சத்தமே இல்லை. உள்ளே வருகிற, மரப்பலகை மேல் ஏற்றிய ஒவ்வொரு சரக்கு அடுக்கும் முதலில் ஒரு இரும்புத் தட்டின் மேல் நின்றுவிட்டுத்தான் போகும். அந்தத் தட்டுதான் தராசு. ஓரமாக ஒரு அடுக்கில் செம்மஞ்சள் நாடா ஒட்டித் தனியாக நிறுத்தியிருந்தார்கள். ஏதோ நாட்டிலிருந்து வந்த உலர்ந்த பழம். கிடங்கில் வேலை பார்த்தவரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"காகிதத்தில் ஒரு எடை, தராசில் ஒரு எடை."

"குறைவா?"

"அதிகம்."

"அதிகம் என்றால் என்ன தப்பு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உள்ளே காகிதத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று சுங்கத்துக்காரர்கள் பார்க்கும்வரை இது இங்கேயேதான் நிற்கும். வந்து மூன்று வாரம் ஆகிறது."

நான் ஒரு பெட்டிக்கு நூறு பாக்கெட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் பத்துக் கிலோ. அம்மாவின் கையோடு சேர்த்தால் பதினொன்று. பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு. எங்கள் பச்சைப் பைகள் நாடா ஒட்டிய அடுக்கில் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த நாடாவைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"இத அந்தம்மா நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நாமளும் கேட்டிருக்கலாம்ல பாய்."

மாம்பழக்கூழ்க்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இப்பத் தெரியுதா மாப்ள, ட்ரம் மூடி?" என்றார்.

தூதுக்குழுவோடு வந்திருந்த தல்லாகுளத்து அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கடைசி நாள் மதியம் இரண்டாம் சந்திப்புக்கு என்று நேரம் ஒதுக்கியிருப்பதாகவும், வாங்குகிறவர் சம்மதித்தால்தான் அது கிடைக்கும் என்றும் சொன்னார். அங்கேயே நின்று போன் செய்தார். தனியாக வந்திருந்தால் அந்தப் போனை நான் யாருக்குப் போட்டிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பத்து நிமிஷம் கிடைத்தது.

போகிற வழியில் பாய் பாடம் நடத்தினார். "மிசினு கோளாறுன்னு சொல்லுவோமா?"

"வேணாம் பாய்."

"அப்ப என்னதான் சொல்லுவ?"

"உள்ளதச் சொல்றேன்."

"உங்கம்மா போட்டாகன்னு சொல்லிறாத. ஸ்டாஃப்னு சொல்லு."

ஏழாவது மேசையில் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும் உள்ளதைச் சொன்னேன். நூறு காட்டிய பிறகு மூன்று விரலால் ஒரு கிள்ளு போடுகிற வழக்கத்தைச் சொன்னேன். விரலை மடக்கிக் காட்டினேன். பாக்கெட் போட்டது என் அம்மா என்றும் வாயில் வந்துவிட்டது. கிடங்கில் நாடா ஒட்டிய அடுக்கைப் பார்த்தோம், இப்போது புரிகிறது என்றேன். பாய்க்கு எவ்வளவு விளங்கியதோ, நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாள் என்னைப் போலவே மூன்று விரலைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். "உங்கள் அம்மாவுக்குப் பெரிய மனது. ஆனால் சுங்கப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை" என்றார். பிறகு நோட்டில் எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தார். இருபது பாக்கெட் கூரியரில் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றொன்றுக்குள் இருக்க வேண்டும். இருபதும் சரியாக இருந்தால் சோதனையாக ஒரு சிறு ஆர்டர். ஒன்று தவறினாலும் இல்லை.

ஊருக்கு வந்தேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் சலிக்கிற மதினி, "ஜெர்மனிக்காரக வந்துட்டாக, நாற்காலியத் தொடச்சுப் போடுங்கடி" என்றார். வாங்கி வந்த சாக்லேட்டைக் கொடுத்தேன். கசப்பாக இருக்கிறது என்று பாதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னேன். இரும்புத் தட்டு, நாடா, மூன்று வாரம் எல்லாம் சொன்னேன். நூறு என்றால் நூறு. கொசுறு கூடாது.

"நூறுன்னா நூறேவா? நாம என்ன நகைக்கடையா வச்சிருக்கோம்?" என்றார் பக்கத்து மேசை அக்கா. சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "சரி" என்றாள். அன்றைக்கே இருபது பாக்கெட் போட்டு அடுக்கி வைத்தாள்.

மறுநாள் காலையில் கூரியருக்குக் கட்டும் முன்னால் நான் ஒன்றை எடுத்து, காலிப் பையைக் கழித்து நிறுத்தேன். நூற்று நாலு. அடுத்ததும் நூற்று நாலு. ஒன்று நூற்று மூன்று, ஒன்று நூற்று ஐந்து.

"அம்மா, எடை பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். நூறு காட்டுச்சு."

"பொறகு எப்படி நாலு கூடுச்சு?"

"பொறகுதானடா போட்டேன்."

"போடாதன்னு சொன்னேன்ல?"

"கம்மியாத்தான் போட்டேன். ரெண்டு வெரலால." இரண்டு விரலைக் காட்டினாள். "ஒண்ணுமே போடாம எப்படி ஒட்டுறது? பிச்சக்காரத்தனமால்ல இருக்கும். அடுத்தவுக வீட்டுக்குப் போற பண்டம்டா. வெட்டுனாப்புல அளந்து குடுத்தா வெளங்குமா?"

"வெளங்காதது இதுதாம்மா. ஒன் கொசுறுக்காக இந்த ஷெட்ட மூடப் போறாக. ஒன்னோட மேசை இருக்குற எடத்துல சோள மூட்டைய அடுக்குவாக. பதினெட்டுப் பேரும் வீட்டுல குத்தவச்சு ஒக்காரணும். ஆளுக்கு ஒரு கிள்ளு போட்டுக்கிட்டு இரு."

நான் பேசியது என் வீட்டில் பேசுகிற மாதிரி இல்லை, ஆபீசில் மேனேஜர் பேசுகிற மாதிரி இருந்தது. பேசி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. அம்மா இருபது பாக்கெட்டையும் வெட்டிப் பொடியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். மத்தியானம் எப்போதும் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அன்றைக்கு அவள் எனக்குத் தூக்குவாளியை அனுப்பிவிட்டு, பாக்கிங் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி இருக்கும். "ஏப்பா, இங்கிட்டு வா" என்று அம்மாவின் குரல் வந்தது. போனேன். பாயும் எங்கிருந்தோ வந்து நின்றார்.

அம்மா காலிப் பையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினாள். கரண்டியைத் தொடவில்லை. டப்பாவுக்குள் கை விட்டு மூன்று விரலால் ஒரு கிள்ளு, பழைய மாதிரி நிறைவான கிள்ளு, எடுத்து வெறும் பைக்குள் முதலில் போட்டாள். எண் ஒன்பது காட்டியது. பிறகு கரண்டியை எடுத்தாள். மெதுவாகக் கொட்டினாள். தொண்ணூறு, தொண்ணூற்றாறு, கரண்டி நுனியில் தட்டித் தட்டி, நூறு. கையை எடுத்துவிட்டாள். வாயை மடித்து ஒட்டினாள்.

"கொசுற மொதல்லயே போட்டுட்டேன். மிச்சத்த அவுக இஷ்டத்துக்கு அளந்துக்கிறட்டும்."

பாய் ரொம்ப நேரம் சிரித்தார். "மாஷா அல்லா. இது எங்கத்தாவுக்குத் தோணலையே" என்றார். நான் அந்தப் பாக்கெட்டை எடுத்து, காலிப் பையைக் கழித்து வேறு தராசில் வைத்தேன். நூறு. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பைக்குக் கிள்ளு எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசை அக்காவும் அதேபோலப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

கூரியர் போன பிறகு இரண்டு மாதம் பதில் இல்லை. இடையில் மக்காச்சோள வியாபாரி வந்து டேப்பால் ஷெட்டை நீளம் அகலம் அளந்துகொண்டு போனார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

வைகாசிக் கடைசியில் மெயில் வந்தது. தானாக வந்த பதில் இல்லை. இருபது எடையும் வரிசையாக எழுதியிருந்தது. நூறு, நூறு, தொண்ணூற்றொன்பதரை, நூறு, நூறு. மிகக் கூடுதலாக ஒன்று நூறு புள்ளி நாலு. கீழே சோதனை ஆர்டர், எத்தனை பெட்டி, எந்த மாதம் கப்பல் ஏற வேண்டும் என்கிற விவரம். பாய் மக்காச்சோளக்காரருக்குப் போன் போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திங்கள்கிழமையிலிருந்து ஆறு நாள் வேலை.

மெயிலை ஷெட்டில் எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டினேன். எண்களைப் படிக்கும்போது அம்மா உதடு அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கொசுறப் பத்தி ஏதும் எழுதிருக்காகளா?"

"ஒண்ணும் எழுதலம்மா."

"எப்படி எழுதுவாக? அவுகளுக்குத் தெரியாதுல்ல" என்றாள். சொல்லிவிட்டுக் காலிப் பையைத் தராசில் வைத்து டப்பாவுக்குள் கையை விட்டாள்.